புதுப்பிப்பு: பினாங்கு பாலத்தில் நண்பர்களோடு முதல் மாரத்தான்

"கடைசி வரை ஒன்றாகவே ஓடுங்கள்" என்று முன்பு எழுதியிருந்தோம். அதைத் திருத்துகிறோம். 30 கிலோமீட்டர் வரை குழுவில் மெதுவாக ஓடுபவரின் வேகம்தான் எல்லோருக்கும். பிறகு அவரவர் கால் சொன்னபடி. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்றால் மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்கும் மொத்தம் 5 மணி 16 நிமிடம் ஆகும்.

பாலத்தின் நடுவில், கப்பல் போவதற்காக உயர்த்திய இடம் நல்ல ஏற்றம். அங்கே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச மூச்சு வராவிட்டால் நடங்கள்.

இருட்டில் ஓடினாலும் நம்மூர் ஈரக்காற்றில் வியர்வை காயாது, உடற்சூடு இறங்காது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும், குமட்டும். உப்புச்சத்துள்ள பானமும் வேண்டும். தொடையிடுக்கிலும் அக்குளிலும் வாஸ்லினைத் தாராளமாகத் தடவுங்கள். பருத்திச் சட்டை வேண்டவே வேண்டாம், நனைந்தால் மார்புக்காம்பைத் தேய்த்து ரத்தம் கசியும்.