சீசாட்டைக் கொன்றது கடற்படையா, சிலிப் ரிங்கா?

கலங்கரை:
1978 ஜூனில் நாசா ஏவிய சீசாட், விண்வெளியிலிருந்து கடலை ரேடாரால் பார்த்த முதல் செயற்கைக்கோள், 105 நாளில் செத்துப்போனது. ஷார்ட் சர்க்யூட்டாம்! யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? அதன் ரேடார் படங்களில் கப்பல் போன தடம் கோடு போட்டதுபோல் விழுந்தது, நீர்மூழ்கியின் தடமும் விழுந்துவிடும் என்று அமெரிக்கக் கடற்படை பதறிப்போய் அணைத்துவிட்டது. இதுதான் என் கட்சி.

அலையாத்தி:
"முதல்" என்பதை முதலில் எடுங்கள். கப்பல்களை வேவு பார்க்க சோவியத்காரர்கள் அதற்கு முன்பே ரேடார் கோள்களை அனுப்பினார்கள், அதுவும் அணு உலையோடு. அதில் ஒன்றுதான் 1978 ஜனவரியில் கனடாவில் விழுந்த காஸ்மோஸ் 954.

வைண்டிங்கடை:
எனக்கு மோட்டார் வேலை, அதனால் இது எனக்குப் புரிகிற சாவு. சூரியத் தகடு சூரியனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே இருக்கும், உடல் திரும்பாது, நடுவில் மின்சாரத்தைக் கடத்த வளையமும் அதை உரசும் பிரஷும் வேண்டும். அதுதான் சிலிப் ரிங். சீசாட்டில் பக்கத்துப் பக்கத்து வளையங்களில் ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். இப்படி ஒயரிங் செய்தால் என் கடைப் பையனே திட்டுவான். சீசாட்டின் உடலாக இருந்த அஜீனா ராக்கெட் அடுக்கு பல தடவை பறந்த வண்டிதானே என்று அந்தப் பாகத்தை ஒழுங்காகச் சோதிக்காமல் விட்டதையும் விசாரணைக் குழுவே எழுதி வைத்திருக்கிறது.

கலங்கரை:
குழு யாருடைய குழு? சரி, அதை விடுங்கள். 1985இல் கடற்படை ஏவிய ஜியோசாட் கோள் எடுத்த கடல்மட்ட அளவுகள் முழுதாக வெளியே வர 1995 ஆனதே, அது ஏனாம்?

அலையாத்தி:
நல்ல கேள்வி, ஆனால் அது உங்கள் கட்சிக்கே எதிரி. கடலடியில் 2000 மீட்டர் மலை இருந்தால் அதன் ஈர்ப்பு தண்ணீரை இழுத்து, மேலே கடல்மட்டம் சுமார் 2 மீட்டர் புடைத்து நிற்கும். 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்தே அந்தப் புடைப்பை அளந்துவிடலாம். அதை வைத்து ஈர்ப்பு வரைபடம் போடலாம், அது இருந்தால் நீர்மூழ்கியிலிருந்து விடும் ஏவுகணைக்கு குறி தப்பாது, அதனால் ரகசியம். ஆனால் கடற்படை தரவைத்தான் பூட்டியது, கோளை எரிக்கவில்லையே! சீசாட்டின் படமெடுக்கும் ரேடாருக்குப் பதிவுக் கருவிகூடக் கிடையாது, தரை நிலையம் கண்ணுக்கு எட்டினால்தான் படம், மொத்தமே 42 மணி நேரம். அதை மட்டும் அணைத்தால் போதாதா, அலை உயரம், காற்று அளக்கிற கருவிகளையும் சேர்த்து ஏன் சாகடிக்க வேண்டும்?

கலங்கரை:
அந்த 42 மணி நேரத்தில் என்ன இருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்?

வைண்டிங்கடை:
பழைய டேப்களை அலாஸ்காவில் டிஜிட்டலாக்கி 2013இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள் அண்ணே. இலவசம்தான். உட்கார்ந்து நீர்மூழ்கி தேடுங்கள்.

கலங்கரை:
தேடத்தான் போகிறேன். ஒரு தடம் சிக்கினால் முதல் படம் உங்கள் கடை வாசலில் ஒட்டப்படும்.