குளிரே இல்லாத இடத்தில் ஸ்வெட்டர் ஆசை, யோசனை சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஸ்வெட்டர் என்றால் கொள்ளை ஆசை. ஆனால் நான் இருக்கும் இடத்தில் குளிர்காலம் பெயருக்குத்தான். விடியற்காலையில் 17, 18 டிகிரி, பத்து மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடும்.

போன வருடம் தடிமனான அக்ரிலிக் (செயற்கை இழை) ஸ்வெட்டர் ஒன்று வாங்கினேன். அரை மணி நேரத்தில் முதுகு நனைந்துவிட்டது. நாலு முறை துவைத்ததும் அக்குளிலும் கைமுட்டியிலும் நூல் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது.

அப்புறம் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாதாம். அக்ரிலிக் அப்படி உறிஞ்சாது. வெதுவெதுப்பைத் தருவதும் இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்றுதானாம். அப்படியென்றால் மெல்லியதாக இரண்டு அடுக்கு போட்டு, வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிவிடலாம் இல்லையா?

குழப்பம் இதுதான். மெல்லிய மெரினோ (ஒரு செம்மறியாட்டு வகை) கம்பளி எடுக்கலாமா, பருத்தி நூலில் பின்னியதே போதுமா? சாதாரணக் கம்பளி எனக்குக் கழுத்தில் அரிக்கும். மெரினோ இழை நுண்மையானது, அவ்வளவாக அரிக்காது என்கிறார்கள். போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்ததா, தலைவழியாகப் போடுவதா? (பொத்தான்தான் வசதி. மனசு என்னவோ மற்றதில்.)

வருடத்தில் பத்து மாதம் அலமாரியில்தான் கிடக்கப்போகிறது. அந்துப்பூச்சி அரிக்காமல் எப்படி வைக்கிறீர்கள்? நாப்தலீன் உருண்டை வாசனை எனக்குத் தலைவலி.

“இந்த வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வீட்டில் தினமும் அதைத்தான் கேட்கிறார்கள்.