மீன் தொட்டிக்கு ஒரு சிலிண்டர்

குழு: காட்பாடி - ராணிப்பேட்டை சொந்தங்கள்

பிரவீன், இரவு 8:12
சித்தப்பா, மீன் தொட்டியில் செடி வளர கார்பன் டை ஆக்சைடு விடப் போகிறேன். பழைய தீயணைப்பு சிலிண்டர் ஒன்று மலிவாக வருகிறது. ரெகுலேட்டர் எது வாங்கலாம்?

அத்தை, 8:14
மீனுக்கு சோடாவாடா?

பிரவீன், 8:14
செடிக்கு அத்தை 😄

சித்தப்பா, 8:31
முதலில் அந்த சிலிண்டரை விடு. அதற்குள் அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். திறந்தால் கேஸ் வராது, திரவம் பீறிடும். அது ரெகுலேட்டருக்குள் போனால் டயாபிரம், அதாவது உள்ளே இருக்கும் சவ்வு, உறைந்து கெட்டுவிடும்.

குழாய் இல்லாத சிலிண்டராக வாங்கு. கழுத்தில் அடித்திருக்கும் சோதனைத் தேதியைப் பார். எப்போதும் நிற்க வைத்தே பயன்படுத்து, சங்கிலி போட்டுக் கட்டு.

பிரவீன், 8:33
உங்கள் பட்டறையில் இருக்கும் வெல்டிங் ரெகுலேட்டர் போதாதா?

சித்தப்பா, 8:40
அது நிமிடத்துக்கு 10, 15 லிட்டர் விடுவதற்கு. உனக்கு வேண்டியது நொடிக்கு ஒரு குமிழி. அழுத்தத்தை இரண்டு படியாகக் குறைக்கும் இரண்டு கட்ட ரெகுலேட்டர் வாங்கு, காசு கூடத்தான் ஆகும். ஒரே கட்டம் உள்ளதில், சிலிண்டர் தீரும் நேரத்தில் உள்ளே அழுத்தம் விழ விழ வெளியே ஏறும். குமிழி வேகத்தை வைக்கும் ஊசி வால்வை நீ தொட்டிருக்கவே மாட்டாய், குமிழி கொட்டும். விடிந்து பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும்.

ராத்திரி கேஸை அடைக்க ஒரு சோலனாய்டு, அதாவது கரண்டில் இயங்கும் வால்வு; தண்ணீர் திரும்பி ஏறாமல் இருக்க ஒரு செக் வால்வு. இவை இல்லாமல் ஆரம்பிக்காதே.

மாமா, 8:44
எங்கள் வீட்டில் ஆக்சிஜன் ரெகுலேட்டர் சும்மா கிடக்கிறதே?

சித்தப்பா, 8:45
மரையே சேராது மச்சான். அடாப்டர் போட்டு மாட்டித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

பிரவீன், 8:47
மீட்டர் முள் பாதிக்கு வந்ததும் நிரப்பினால் சரியா?

சித்தப்பா, 8:55
திரவம் இருக்கும் வரை அந்த முள் சூட்டைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. 20 டிகிரியில் 57 பார், பாதி சிலிண்டர் இருந்தாலும் அதே 57. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும், காலி எடை சிலிண்டரிலேயே அடித்திருக்கும்.

நம் ஊர் வெயில் வேறு. 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்பதே கிடையாது. முழுதாக நிரப்பியது அக்னி நட்சத்திரத்தில் 42 டிகிரியில் நின்றால் 100 பாரைத் தாண்டிவிடும். வால்வில் அழுத்தம் மிஞ்சினால் உடைந்து கேஸை வெளியே விடும் பாதுகாப்புத் தகடு இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. மாடிப்படிக்கு அடியில் தகரக் கூரையோரம் வைத்துவிடாதே.

அத்தை, 8:58
கசிந்தால் வாசனை தெரியுமா?

சித்தப்பா, 9:01
தெரியாது அக்கா. காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ஏசி போட்டு அடைத்த படுக்கையறையில் வேண்டாம், கூடத்தில் வை பிரவீன். மாட்டும்போது ரெகுலேட்டர் திருகை முழுக்கத் தளர்த்திவிட்டு, பக்கவாட்டில் நின்று மெதுவாகத் திற. அப்புறம் இணைப்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்.

பிரவீன், 9:03
ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வருகிறேன், கூட வந்து வாங்கித் தாருங்கள்.

சித்தப்பா, 9:03
பத்து மணிக்கு மேல் வா.

அத்தை, 9:06
அவ்வளவு தூரம் போகிறாய், பாலாற்றுப் பாலம் தாண்டி ஆற்காட்டில் மக்கன் பேடா அரைக் கிலோ வாங்கி வந்துவிடு.