மதுரையில் மூன்று நாள்: பால், தயிர், நெய் இல்லாமல் இரண்டு பேர் சாப்பிட, சுற்றிப் பார்க்க

நொய்யல்கரை கேட்டது:

வணக்கம். டிசம்பர் நடுவில் நானும் மனைவியும் கோவையிலிருந்து மதுரைக்கு வருகிறோம். மூன்று நாள். இருவரும் நனிசைவம். இறைச்சி, முட்டையோடு பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், பன்னீர், தேன் எதையும் சேர்ப்பதில்லை. பட்டும் தோல் சாமானும் வாங்குவதில்லை. தங்குவது மேல மாசி வீதிப் பக்கம். சொந்த வண்டி இல்லை, பஸ்ஸும் ஆட்டோவும்தான்.

ஓட்டல்களில் எதை நம்பிச் சாப்பிடலாம், எதில் பாலோ நெய்யோ தெரியாமல் கலந்திருக்கும்? கோயிலில் பிரசாதத்தை மரியாதை குறையாமல் எப்படித் தவிர்ப்பது? ஜிகர்தண்டா எங்களுக்கு இல்லை என்று தெரியும். அதை விட்டால் மதுரைக்கே உரியதாகக் குடிக்க என்ன உண்டு? ஊருக்கு வெளியே அரை நாள் போய் வர எது நல்ல இடம்? மனைவிக்கு ஒரு சேலையும் எடுக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாசிவீதி எழுதியது:

சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மதுரை உங்களைப் பட்டினி போடாது. இங்கே பலகாரத்தில் பாதிக்கு மேல் அடுப்படியிலிருந்து வரும்போது பால், நெய் இல்லாமல்தான் வருகிறது. நெய் விழுவது கடைசி நொடியில், பரிமாறுகிறவர் கையால். தட்டு வந்த பிறகு "இதுல என்ன இருக்கு" என்று விசாரிப்பதில் பயனில்லை. ஆர்டர் சொல்லும்போதே "மேல எதுவும் ஊத்தாதீங்கண்ணே" என்று சொல்லிவிட வேண்டும்.

"வீகன்" என்றாலும் புரியாது, "நனிசைவம்" என்றாலும் புரியாது. "சுத்த சைவம்" என்றால் நெய்யோடு வரும். பொருளின் பெயரைச் சொல்லுங்கள்: "பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் எதுவும் வேணாம். எண்ணெய் ஊத்துங்க, பரவாயில்ல." இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லாவிட்டால் எண்ணெயும் ஆகாதவர்கள் என்று நினைத்து வறட்டுத் தோசை கொண்டுவந்து வைப்பார்கள்.

இட்லி, இடியாப்பம், உளுந்த வடை, பருப்பு வடை, பணியாரம் இவற்றில் பயமில்லை. பொடி இட்லியை மட்டும் பல இடங்களில் நெய்யில் புரட்டித்தான் கொண்டு வருகிறார்கள். சாதா இட்லி வாங்கி, பொடியும் நல்லெண்ணெயும் தனியாகக் கேளுங்கள். தோசைக்கு "எண்ணெய் மட்டும்" என்று சொல்லுங்கள். வெறுமனே "ரோஸ்ட்" என்றால் மடிக்கும் முன் ஒரு கரண்டி நெய் விழுந்துவிடும். வெண்பொங்கல், கேசரி, ரவா கிச்சடி எல்லாம் நெய்யில்தான் தொடங்குகின்றன. அவற்றைக் கேட்கவே வேண்டாம்.

வாழை இலைச் சாப்பாட்டில் மூன்று இடத்தில் கை இலைக்கு மேலே போக வேண்டும். முதலில் பருப்பு வைத்ததும் நெய்க் கிண்ணத்தோடு ஒருவர் வருவார், நிற்கவே மாட்டார், நடந்துகொண்டே ஊற்றிவிடுவார். அடுத்தது பாயசம். கடைசியில் மோர். சாம்பார், வத்தக்குழம்பு, கூட்டு, பொரியல் பெரும்பாலும் எண்ணெய்த் தாளிப்பு. ரசத்தை மட்டும் நெய்யில் தாளிப்பவர்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். இலை ஓரத்தில் வைக்கிற மோர் மிளகாயைப் பலர் யோசிப்பதே இல்லை. அது மோரில் ஊறிக் காய்ந்தது. வடகமும் அப்பளமும் வாங்கிக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாமல் பால் நுழைகிற இடங்கள் இன்னும் உண்டு. அடை வாங்கினால் கூட வருகிற அவியலில் தயிர். கம்பங்கூழ், கேப்பைக் கூழைக் கரைக்கும்போதே மோர் ஊற்றிவிடுவார்கள். "தண்ணியும் உப்பும் போட்டுக் கரைச்சுத் தாங்க" என்றால் சின்ன வெங்காயத்தோடு தருவார்கள். சப்பாத்தி மாவு மிருதுவாக இருக்கப் பாலோ தயிரோ சேர்ப்பது வழக்கம். பரோட்டா மாவில் முட்டையோ பாலோ இருக்கலாம், சால்னா கறிச் சட்டியிலிருந்து வரலாம். மூன்று நாளும் அதை மறந்துவிடுங்கள். ஆப்பத்துக்குத் தருகிற "தேங்காய்ப் பாலில்" பசும்பால் கலந்து அளவைக் கூட்டுகிற கடைகளும் உண்டு. நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டே ஆக வேண்டும்.

ராத்திரி ரோட்டோர இட்லிக் கடைகளில் அவித்ததை மட்டும் வாங்குங்கள். அங்கே முட்டைத் தோசையும் கறித் தோசையும் ஊற்றுகிற கல்லில்தான் உங்கள் தோசையும் வரும்.

குடிக்க: பருத்திப்பால். பெயரில்தான் பால். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ சேர்த்துக் காய்ச்சுவது. தள்ளுவண்டியில் பெரிய பாத்திரத்தில் சூடாக இருக்கும். "பசும்பால் சேர்ப்பீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். நன்னாரி சர்பத்தை எலுமிச்சையும் தண்ணீரும் விட்டுத் தருவார்கள். பால் சர்பத் வேறு, மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். டீக்கடையில் "வரக்காப்பி", "வர டீ" என்றாலே புரியும். டிகாக்‌ஷன் தனியாகத்தான் இருக்கும் என்பதால் பால் விடாமல் தருவதில் அவர்களுக்கும் சிரமமில்லை.

வாயில் போட்டுக்கொள்ள கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட்டு. தேன் மிட்டாயில் பெரும்பாலும் தேன் கிடையாது, சர்க்கரைப் பாகுதான்.

யாராவது வற்புறுத்தினால் "பால் ஒத்துக்காது, டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிடுங்கள். உடனே வேலை நடக்கும்.

ஆனைமலையடி எழுதியது:

மாசிவீதி சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. நோய் என்று பொய் சொல்ல வேண்டாம். "கொஞ்சம்தான், ஒண்ணும் ஆகாது" என்று ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பிறகு நிஜமாகவே பால் ஒவ்வாத ஒரு பிள்ளை வந்து சொல்லும்போது அதையும் யாரும் நம்ப மாட்டார்கள். நீங்கள் வருவது கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கிற சமயம். ஊர் முழுக்க மாலை போட்டவர்கள். "நாங்க இதெல்லாம் தொடுறதில்லண்ணே, விரதம் மாதிரி" என்றால் காரணம் கேட்காமல் மதிப்பார்கள். உண்மையும் அதுதானே.

ஒரு சின்ன அட்டையில் இப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், பன்னீர், முட்டை, தேன் சாப்பிட மாட்டோம். எண்ணெய், டால்டா, தேங்காய், பருப்பு, கடலை சாப்பிடுவோம்." அதைச் சர்வரிடம் காட்டுவதைவிட சரக்கு மாஸ்டரிடம் அனுப்புவது நல்லது. காகிதத்திலேயே எழுதுங்கள், கைபேசியில் வேண்டாம். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபம் எரிந்த பிறகு வந்த தடை அது. வாசலில் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கோயிலுக்கு விடியற்காலையில் போங்கள். ஐயப்ப பக்தர்கள் வரத்தால் எட்டு மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும். மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். விளக்குப் போட நினைத்தால் நெய் விளக்கு வேண்டாம், நல்லெண்ணெய் அகல் கேளுங்கள். பிரசாதம்: 2019 முதல் தரிசனம் முடித்து வருகிறவர்களுக்கு லட்டு தருகிறார்கள். வேண்டாம் என்று கை நீட்டாமல் இருப்பதைவிட, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, படியில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கோ குழந்தைக்கோ கொடுத்துவிடலாம். யார் மனதும் புண்படாது. பிரசாதக் கடையில் புளியோதரை நல்லெண்ணெயில் கிளறியதுதானா என்று கேட்டு வாங்குங்கள், வயிறு நிறையும். சர்க்கரைப் பொங்கலில் நெய் உண்டு.

நடை சாத்தியிருக்கிற நேரத்தை மகாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியது. இன்று மிஞ்சி நிற்பது அதில் கால் பங்குதான் என்கிறார்கள். காந்தி அருங்காட்சியகம் தமுக்கம் பக்கம், ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு இடைவேளை உண்டு, அதைப் பார்த்துக் கிளம்புங்கள். நீங்கள் தங்குகிற மேல மாசி வீதியில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறினார். அந்த வீட்டில் இப்போது கதர்க் கடை.

ஊருக்கு வெளியே ஒரே ஒரு இடம் என்றால் கீழக்குயில்குடி சமணர் மலை. தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு முன்னால் பிரிய வேண்டும். அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். ஒரு பக்கம் செட்டிப்புடவுக் குகை, மறுபக்கம் பாறையில் வெட்டிய படியேறினால் பேச்சிப்பள்ளம். தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக நிற்கும், அடியில் வட்டெழுத்து. ஓர் உயிருக்கும் தீங்கு நினைக்காதவர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன் இந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது உங்கள் இருவருக்கும் வேறு மாதிரி படும். காலை ஆறரைக்கு அடிவாரத்தில் இருங்கள். ஒன்பதரைக்கு மேல் பாறை சுடும். மேலே கடை கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், இட்லிப் பொட்டலம். ஆட்டோவைப் போக வர, காத்திருக்கச் சேர்த்தே பேசுங்கள். திரும்புவதற்கு அங்கே வண்டி கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு அரை நாள் இருந்தால் கீழடி அருங்காட்சியகம், 2023-இல் திறந்தது. அழகர்கோவில் போனால் குரங்குகள் பையைப் பிடுங்கும், பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். அங்கே பேர்போன அழகர்கோவில் தோசை உளுந்தும் மிளகும் சேர்த்து நெய்யில் சுட்டது, உங்களுக்கு ஆகாது.

பயணத்தைப் பொங்கலுக்குத் தள்ளிப் போட்டுவிட வேண்டாம். தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டுக் கூட்டத்தில் சாலையும் அறையும் கிடைக்காது.

தறிச்சத்தம் எழுதியது:

சேலைக்கு யோசிக்கவே வேண்டாம், சுங்குடி. பருத்தித் துணி. சௌராஷ்டிர மக்கள் கைவேலை, 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி நூலால் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள். கட்டின இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

இப்போது கடையில் தொங்குவதில் பெரும்பாலானவை அச்சு. வித்தியாசம் தெரிய, சேலையை விரித்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கைக்கட்டுப் புள்ளி ஒன்றைப் போல் ஒன்று இருக்காது, நடுவில் ஊசிமுனை அளவு நிறம் நிற்கும், விரலால் தடவினால் சின்னச் சுருக்கம் தட்டுப்படும். அச்சில் புள்ளி எல்லாம் ஒரே அளவு, துணி வழவழவென்றிருக்கும்.

உங்களுக்காக இரண்டு எச்சரிக்கை. "பட்டுச் சுங்குடி" என்றும் விற்கிறார்கள், "முழுக் காட்டன்தானே" என்று கேளுங்கள். ஜரிகைக் கரையும் கவனிக்க வேண்டியது: அசல் ஜரிகை பட்டு நூலைச் சுற்றி வெள்ளிக் கம்பி இழைத்தது. சாதாரண விலைச் சுங்குடியில் இருப்பது செயற்கை நூலில் சுற்றியது. சந்தேகமாக இருந்தால் நூல் கரை வாங்கிவிடுங்கள், அதுதான் உடுத்தவும் இலகு. முதல் மூன்று துவைப்பு தனியாக, குளிர்ந்த தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்புப் போட்டு. ஊற வைக்கக் கூடாது, சாயம் புள்ளிக்குள் இறங்கி வெள்ளை மங்கிவிடும். நிழலில் உலர்த்துங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டை இன்றே எழுதிவிடுகிறோம், விரதம் என்றே சொல்கிறோம். இரண்டு சந்தேகம். அறையில் காலைக் காப்பிக்கு சோயா பால் கொண்டுவந்தால் திரிந்துவிடுகிறது, ஏன்? பருத்திப்பாலைக் கோவையிலும் செய்ய முடியுமா?

மாசிவீதி எழுதியது:

காப்பியின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தைத் திரிக்கின்றன. பாலை முதலில் லேசாகச் சுட வைத்து டம்ளரில் ஊற்றி, அதன்மேல் டிகாக்‌ஷனைக் கொதி அடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பையில் எடுத்துவர 200 மில்லி அட்டைப்பெட்டி போதும். ஒரு லிட்டர் திறந்தால் குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறையில் அன்றே கெட்டுவிடும்.

பருத்திப்பால் நாலு டம்ளருக்கு: பருத்திக்கொட்டை 100 கிராம். நாட்டு மருந்துக் கடையிலோ மாட்டுத்தீவனக் கடையிலோ வாங்குங்கள். விதைக்கடையில் வாங்கவே கூடாது. விதைப்புக்கு விற்பது மருந்து ஏற்றிய விதை, விஷம். நாலைந்து தண்ணீரில் அலசி எட்டு மணி நேரம் ஊற வைத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழியுங்கள். சக்கையை இன்னும் இரண்டு தடவை ஒவ்வொரு டம்ளர் தண்ணீரில் அரைத்துப் பிழியலாம். துணி இல்லாமல் சல்லடை மட்டும் வைத்தால் பஞ்சு தொண்டையில் சிக்கும்.

பாலை அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். பச்சை வாசனை முழுக்கப் போக வேண்டும். பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்ற பொருள் உண்டு, வேகாமல் குடிக்கக் கூடாது. ஒன்றரை மேசைக்கரண்டி பச்சரிசி மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். மாவை அப்படியே தூவினால் கட்டி தட்டும். கெட்டியானதும் 120 கிராம் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். வடிகட்டாவிட்டால் அடியில் மண் நறநறக்கும். இறக்கும்போது அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, ஏலக்காய் மூன்று, துருவிய தேங்காய் ஒரு பிடி. சூடு ஆற ஆற இறுகும், குடிக்கும்போது வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பும்போது நன்னாரி சர்பத் பாட்டிலும் பாதாம் பிசினும் வாங்கிப் போங்கள். பிசின் மரத்திலிருந்து வருவது, உங்களுக்கு ஆகும். ஒரு தேக்கரண்டிப் பிசினை ராத்திரி இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டால் காலையில் கிண்ணம் நிறைந்துவிடும். முந்திரிப் பாலைச் சுண்டக் காய்ச்சிக் குளிர வைத்து, இரண்டு கரண்டிப் பிசினும் நன்னாரியும் சேர்த்தால் வீட்டிலேயே ஜிகர்தண்டா. கோவை பஸ் ஆரப்பாளையத்தில்தான் நிற்கும், மாட்டுத்தாவணிக்குப் போய்விடாதீர்கள்.