டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ்: ஃபிட்ஸ் நின்ற பிறகும் ஓயாதவை

திருச்சியிலிருந்து ஒரு அம்மா:

டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்பது மூளை, தோல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் கட்டிகள் வரும் மரபணு நோய். அதில் வரும் ஃபிட்ஸ் (வலிப்பு) பற்றி எல்லோரும் பேசுகிறோம். நான் தூக்கம், நடத்தை, படிப்பு பற்றி எழுதுகிறேன். மகளுக்கு ஃபிட்ஸ் அடங்கி வெகுகாலம் ஆகியும் எங்கள் வீட்டைப் பாடாய்ப்படுத்துவது இவைதான்.

கைக்குழந்தையாக இருந்தபோது தூங்கி எழுந்ததும் இரண்டு கையும் விரியும், தலை முன்னால் குனியும், உடனே விட்டுவிடும். மறுபடி வரும், வரிசையாக. உரம் விழுந்திருக்கிறது என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். செல்போனில் எடுத்த வீடியோவைப் பார்த்த நியூரோ டாக்டர் அன்றைக்கே ஈஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு) எடுக்கச் சொன்னார். முதுகில் தேமல் என்று நாங்கள் நினைத்த வெள்ளைத் திட்டுகளையும் அறை விளக்கை அணைத்து, ஊதா விளக்கு அடித்துப் பார்த்தார். அவை இந்த நோயின் அடையாளம். மகளுக்கு வந்ததுபோல, இந்த நோயில் வரும் ஸ்பாசம் வகை வலிப்புக்கு விகாபாட்ரின்தான் முதல் மருந்து. அது பக்கப் பார்வையைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனையும் உண்டு.

மருந்தில் ஸ்பாசம் நின்றது. அப்புறம் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. ஆட்டிசம் என்றார்கள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது வருகிறது. 10 பேரில் 9 பேருக்கு மனம், அறிவு, நடத்தை சார்ந்த ஏதோ ஒரு சிக்கல் வாழ்நாளில் வரும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து டாண்ட் என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். ஆனால் ஓபியில் "ஃபிட்ஸ் வந்ததா? இல்லையா? சரி, அதே மாத்திரை" என்று முடிந்துவிடுகிறது. அதனால் தாளில் எழுதிக்கொண்டு போகிறேன்: இரவில் எப்போது எழுந்தாள், கையைக் கடித்துக்கொண்டாளா, எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினாள். தாளை நீட்டினால் டாக்டர் படிக்கிறார்.

"செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று சொல்லும் உறவினர்களுக்கு என் பதில் ஒன்றுதான். செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு பழுதானதால் மூளை இப்படி அமைந்திருக்கிறது. அவள் பிடிப்பது அடம் இல்லை.

கோவையிலிருந்து ஒரு அக்கா:

என் தம்பி சாதுவான பையன். பத்தாம் வகுப்பு சமயத்தில் திடீரென்று கத்த ஆரம்பித்தான், பொருளைத் தூக்கி எறிந்தான். வயசுக் கோளாறு என்றார்கள். காலையில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்ததும் எம்ஆர்ஐ எடுத்தோம். இந்த நோயால் மூளைக்குள் இருந்த கட்டி வளர்ந்து, மூளைநீர் போகும் வழியை அடைத்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழைய தம்பி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தான். குணம் சட்டென்று மாறினால் தயவுசெய்து முதலில் உடம்பைப் பாருங்கள். மருந்தையும் பாருங்கள், லெவிடிராசிட்டம் என்ற ஃபிட்ஸ் மருந்து சிலருக்குக் கடும் எரிச்சலைக் கொடுக்கும்.

சென்னையிலிருந்து, இந்த நோயோடு வாழும் பெண்:

எனக்கு ஃபிட்ஸே வந்ததில்லை. டிகிரி முடித்து வேலைக்குப் போகிறேன். இந்த நோயால் முகத்தில் வந்த சிறு கட்டிகளைப் பரு என்று நினைத்து எத்தனையோ கிரீம் பூசினார்கள். கடைசியில் சிறுநீரகக் கட்டியில் ரத்தம் கசிந்து, இடுப்பு வலியோடு அட்மிட் ஆனபோதுதான் நோயின் பெயரே தெரிந்தது. இப்போது எவரோலிமஸ் சாப்பிடுகிறேன். கட்டி சுருங்குகிறது, வாய்ப்புண் மட்டும் விடாது. அந்த நாட்களில் காரமில்லாத தயிர்சாதம்தான்.

டாண்ட் எனக்கும் இருக்கிறது. ஒரே நேரத்தில் நாலு வேலை சொன்னால் எதை முதலில் எடுப்பது என்று மூளை திணறும். ஸ்கேன் தேதி நெருங்கினால் தூக்கம் போய்விடும். நன்றாகப் பேசுகிறேன் என்பதால் யாரும் இதை நம்புவதில்லை, அது தனி வேதனை. கல்யாணப் பேச்சில் மறைக்கச் சொன்னார்கள், நான் மறைக்கவில்லை. எனக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த நோய் வர 50 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் பேசுகிறேன். ஆனால் மூன்றில் இரண்டு பேருக்கு இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை, புதிதாக ஏற்படுவது. திருச்சி அக்கா, உங்கள் குடும்பத்தில் யார் வழி என்று சண்டை நடந்தால் இதைச் சொல்லுங்கள்.

திருச்சி அம்மா:

நடந்தது, என் மாமியாருக்கு இன்றே படித்துக் காட்டுகிறேன். இந்த நோய் பெண்களுக்கு நுரையீரலையும் பாதிக்கலாம் என்கிறார்களே, பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனை எப்போது?

சென்னைப் பெண்:

18 வயது ஆனதும் நுரையீரலுக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன்பே மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம்.