பி.காம் + எஸ்ஓசி அனுபவம்: அடுத்து எம்சிஏவா, ஓஎஸ்சிபியா?

வணக்கம் மக்களே. பி.காம் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியின் எஸ்ஓசியில் (சைபர் தாக்குதல் நடக்கிறதா என்று கண்காணிக்கும் பிரிவு) ஷிப்ட் பார்க்கிறேன். ராத்திரி முழுக்க அலர்ட்டுகளைப் பார்ப்பது, ஃபால்ஸ் பாசிட்டிவை, அதாவது பொய் அலர்ட்டுகளை, கழிப்பது, மிச்சத்தை அடுத்த நிலை டீமான எல்2-க்குத் தள்ளிவிடுவது. அடுத்து பென்டெஸ்டிங் (அனுமதியோடு சிஸ்டத்தை ஹேக் செய்து ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் வேலை) பக்கம் போக ஆசை. டெக்னிக்கல் ரவுண்டில் யாரும் டிகிரியைக் கேட்பதில்லை. ஆனால் அதுவரை போகவேண்டுமே! விண்ணப்பப் படிவத்தில் பி.இ., பி.டெக்., எம்சிஏ தவிர வேறு எதையும் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை.

அதனால்தான் கரஸ்பாண்டென்ஸில் எம்சிஏ சேரலாமா என்று யோசனை. இன்னொரு வழி ஓஎஸ்சிபி, அதாவது பென்டெஸ்டிங் சான்றிதழ் தேர்வு. அதற்கு டிகிரி தேவையில்லை. 23 மணி 45 நிமிஷத்தில் மெஷின்களை ஹேக் செய்து, அடுத்த 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் கொடுக்கவேண்டும். பின்னால் சிஐஎஸ்எஸ்பி (அனுபவசாலிகளுக்கான செக்யூரிட்டி சான்றிதழ்) எடுக்க 5 வருஷ அனுபவம் வேண்டும். கம்ப்யூட்டர் டிகிரி இருந்தால் அதில் 1 வருஷம் கழியும், அவ்வளவுதான். 1 வருஷத்தைக் கழிக்க 2 வருஷப் படிப்பு. பி.காம்காரனுக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது.

கம்ப்யூட்டர் டிகிரி இல்லாமல் பென்டெஸ்டிங் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: அந்தப் படிவத்தை எப்படித் தாண்டினீர்கள்? ரெஃபரலா, பக் பவுண்ட்டியா (கம்பெனிகளின் சாஃப்ட்வேரில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்லிப் பரிசு வாங்குவது)? கரஸ்ஸில் படித்த எம்சிஏவை எச்ஆர் மதிக்கிறார்களா? ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது பதில் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.