மறைந்த உறுப்பினரின் பதிவுகளை ஆய்வில் மேற்கோள் காட்டலாமா?

60 வயதைக் கடந்தவர்களுக்கான ஒரு மூடிய இணையக் குழுவில், முனைவர் பட்ட ஆய்வுக்காக 11 மாதங்களாக இணையவழி இனவரைவியல் முறையில் (குழுவின் அன்றாட உரையாடல்களோடு நீண்டகாலம் உடனிருந்து கவனிக்கும் முறை) களப்பணி செய்து வருகிறேன். நான் ஆய்வாளர் என்பதை முதல் நாளே அறிவித்து, நிர்வாகிகளின் அனுமதியையும் 23 உறுப்பினர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் பெற்றேன். அந்த 23 பேரில் ஒருவர் இரண்டு மாதங்களுக்கு முன் காலமானார். மனைவியை இழந்தபின் இரவுகளை எவ்வாறு கடந்தார் என அவர் எழுதியவையே என் மூன்றாம் இயலின் அடித்தளம். ஆனால் ஒப்புதல் படிவத்தில், இறப்புக்குப் பின் தரவை என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை.

இணைய ஆய்வாளர் சங்கத்தின் 2012, 2019 நெறிமுறை ஆவணங்களைப் படித்தேன். அவை சூழலுக்கேற்ப முடிவெடுக்கவே வலியுறுத்துகின்றன. பல்கலைக்கழக நெறிமுறைக் குழு முடிவை என்னிடமே விட்டுவிட்டது. அவருடைய சொற்களை மாற்றி எழுதிப் பார்த்தபோது, தேடுபொறிக்குச் சிக்காவிட்டாலும் குழுவினர் அவரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பது புரிந்தது. அவருடைய குரலும் அதில் இல்லை. குடும்பத்தினரைக் கேட்கலாம்தான். ஆனால், தாம் அங்கு எழுதுவது பிள்ளைகளுக்குத் தெரியாது என்று அவரே ஒருமுறை குறிப்பிட்டிருந்தார். அந்த இரகசியத்தைக் குலைக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. நிர்வாகிகளிடையே கருத்து வேறுபாடு உள்ளது. இயலை ஆறு வாரங்களில் ஒப்படைக்க வேண்டும்.

இத்தகைய நிலையை எதிர்கொண்டவர்கள், உயிருடன் இருந்தபோது அளிக்கப்பட்ட ஒப்புதலையே போதுமானதாகக் கொண்டீர்களா, அல்லது வேறு எவரிடமாவது மறு ஒப்புதல் பெற்றீர்களா?